எட்டுத் துடுப்பும் ஒரு மிதியும்

என் கடைப் பலகையில் 'தையல் மிஷின் ரிப்பேர்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. படகு என்ற சொல் முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. இருந்தும் என் தங்கை ஒரு நாள் கடைக்குள் வந்து, ஓடாமல் கிடந்த மிஷின் ஒன்றின் மேல் பையை வைத்துவிட்டு, "அண்ணா, எட்டுத் துடுப்பையும் ஒரே ஆள் மிதிச்சு ஓட்டுற மாதிரி ஒரு மிஷின் பண்ணிக் குடு" என்றாள். சட்டைக்குக் காலர் மாற்றித் தரச் சொல்கிற குரல்.

"யாருக்கு?"

"உன் மாப்பிள்ளைக்குத்தான். வேற யாரு துடுப்பைப் பத்திக் கனவு கண்டுட்டு இருக்கா?"

மாப்பிள்ளை என்றால் அவள் புருஷன். ஏரியில் ஆள் ஏற்றிப் போகும் நீளப் படகின் சொந்தக்காரர். ஊரே குடிக்கும் தண்ணீர் அந்த ஏரிதான் என்பதால் எந்த வகை மோட்டாரும் அதில் இறங்கக் கூடாது. அதனால் படகுக்கு எட்டுத் துடுப்பு, மாப்பிள்ளையையும் சேர்த்து நாலு ஆள், ஆளுக்கு இரண்டு. மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக வேறு வேலை பார்த்துப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனது மாப்பிள்ளையின் வலது தோள். மார்புக்கு மேல் கை எழும்பாது, முன்னால் நீளாது, இனி துடுப்பைத் தொடக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். கால்கள் மட்டும் குதிரைக்கால்களாக அப்படியே இருந்தன.

இதற்கிடையில் ஏரி ஆபீசுக்குப் புது ஆபீசர் வந்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம். பயணிகளோடு படகு ஒழுங்காக அக்கரை போய்த் திரும்பினால் படகுத்துறை மாப்பிள்ளையிடமே இருக்கும். இல்லையென்றால் துறையை மூடிவிடுவார்கள். எல்லோரும் ஏரியைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் போய்க்கொள்ள வேண்டியதுதான்.

"மூடினா மூடட்டுமே. மாப்ள கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும். உன் தையல் கடைதான் நல்லா ஓடுதே" என்றேன்.

தங்கை உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

"ரெஸ்ட்டுதான் எடுக்கிறாரு. தினமும் என் கடைக்கு வந்து பட்டன் டப்பாவைக் கொட்டி, கலர் கலரா பிரிக்கிறாரு. வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். சாயங்காலம் எல்லாத்தையும் திரும்ப ஒண்ணாக் கொட்டி வச்சிடுறாரு. ஏன்னு கேட்டா, 'நாளைக்கு வேணும்ல'ங்கிறாரு. அண்ணா, அவரு தண்ணில இருக்கணும். இல்லன்னா அந்த டப்பாக்குள்ளயே போயிடுவாரு."

கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. கடையில் தூசி அதிகம்.

என்னை ஊரில் 'பாபின்' என்பார்கள், மிஷினில் அடிநூல் சுற்றுகிற குட்டி உருளை. தொழிலை வைத்து வைத்த பெயர் என்று வெளியாட்களிடம் சொல்வேன். எதை யோசித்தாலும் சுற்றிச் சுற்றித் தொடங்கின இடத்திலேயே வந்து நிற்பான் என்பதற்காக வைத்த பெயர் என்று உள்ளாட்களுக்குத் தெரியும். துடுப்பு விஷயத்திலும் அப்படித்தான் சுற்றினேன். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் எட்டுத் துடுப்பும் தண்ணீருக்குள் இறங்க வேண்டும், தள்ள வேண்டும், மேலே எழ வேண்டும், திரும்பி வர வேண்டும். சுற்றுகிற ஒன்றை வைத்து இத்தனை வேலை எப்படி வாங்குவது என்று யோசித்து யோசித்து, சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் படகோட்டி, மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

பதில் என் மூக்குக்குக் கீழேயே இருந்தது. ஒரு மிஷினின் அடித்தகட்டைக் கழற்றிப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளும் பல் இருக்கிறதே, சின்ன ரம்பம் மாதிரி, அதைப் பார்த்தேன். அது மேலே எழுகிறது, துணியைத் தள்ளுகிறது, கீழே இறங்குகிறது, திரும்பி வருகிறது. மறுபடி எழுகிறது. இத்தனை வருஷம் கையில் எண்ணெயோடு பார்த்த பல். அப்போதுதான் முதல் தடவை அதைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது. இதையே பெரிதாகச் செய்து படகில் வைத்துவிட்டால் தீர்ந்தது.

இந்த இடத்திலேயே நான் கோட்டை விட்டுவிட்டேன். ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்து உங்களுக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

படகைத் துறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் மரத்தாங்கிகள் மேல் ஏற்றினோம். ஊரில் ஒரு தச்சர் இருக்கிறார், எதைக் கேட்டாலும் அளவுகோலை எடுப்பதால் அவர் பெயர் 'மில்லிமீட்டர்'. ஒரு பக்கத்து நாலு துடுப்பையும் அவர் ஒரே நீளச் சட்டத்தில் கோத்தார். மறு பக்கமும் அதே மாதிரி. நடுவில் பழைய தையல் மிஷின் மிதியை வைத்து, பெல்ட் போட்டு, இரண்டு சட்டங்களையும் சக்கரத்தோடு இணைத்தேன். கைச்சக்கரத்தை வலது பக்கம் வைத்தேன். தையல் மிஷினில் அது வலது பக்கம்தானே இருக்கும்? மாப்பிள்ளைக்குச் செத்த கை வலது கை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கை தன் பழக்கத்தில் வைத்துவிட்டது. முதல் தட்டு நான் தட்டிக் கொடுத்தால் அப்புறம் அவர் மிதித்துக்கொண்டே போகலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு முன்னேற்றமும் செய்தேன். துடுப்புப் போடுகிறவர்கள் எப்போதும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். நான் இருக்கையை முன்பக்கம் பார்க்க வைத்தேன். மிதிப்பவன் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். சுக்கானுக்குக் கட்டிய கயிறு அவருடைய இடது கைக்கு வந்தது.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடி முன்னால்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். நான் இதுவரைக்கும் போற இடத்தைப் பார்த்ததே இல்ல. கொஞ்சம் கூச்சமா இருக்கு."

நான் சக்கரத்தைத் தட்டினேன். அவர் மிதித்தார். எட்டுத் துடுப்பும் ஒன்றாக எழுந்து, காற்றைப் பின்னால் தள்ளி, ஒன்றாக இறங்கி, ஒன்றாகத் திரும்பின. எட்டுப் பேர் சேர்ந்து ஒரே கொட்டாவி விட்ட மாதிரி அழகு. மில்லிமீட்டர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அது பெரிய பாராட்டு.

மாப்பிள்ளை மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியல. சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி. எனக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னே குழம்பிப் போச்சு, என்னைக் கேக்காதீங்க."

அந்த நேரம் பார்த்துத் தங்கை டீ கொண்டுவந்தாள். தானும் மிதித்துப் பார்க்கிறேன் என்று ஏறினாள். ஏறியவள், தன் கடையில் எப்போதும் செய்கிற தப்பை இங்கேயும் செய்தாள். சக்கரத்தை அந்தப் பக்கம் தள்ளித் தட்டினாள்.

தையல் மிஷின் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். மிதி இரண்டு பக்கமும் ஆடும், அதற்குத் திசை கிடையாது. கைச்சக்கரத்தை முதலில் எந்தப் பக்கம் தட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் மிஷின் ஓடும். நம்மை நோக்கி இழுத்துத் தட்ட வேண்டும். அந்தப் பக்கம் தள்ளினால் மிஷின் தலைகீழாக ஓடி நூல் சிக்கும், அறும். அவளுடைய மிஷினில் சிக்கின நூலைப் பிரித்தே எனக்குப் பாதி முடி கொட்டியது.

துடுப்புகள் தலைகீழாக ஓடத் தொடங்கின. நான் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"எத்தனை வருஷமா சொல்றேன்? உன் பக்கம் இழு, உன் பக்கம் இழுன்னு."

"சரிசரி. தெரியாமத் தட்டிட்டேன். ஊரைக் கூட்டாத."

"இறங்கு. உன் கை பட்டா துடுப்புல கூட நூல் சிக்கும்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாப்பிள்ளை மெதுவாக, "மச்சான், அவ தட்டினப்ப எனக்கு என்னமோ சரியா இருந்த மாதிரி தோணுச்சு" என்றார். பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்து, டீயைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, ஆபீசரும் வந்தார். மெல்லிய ஆள், பெரிய தொப்பி. தொப்பிதான் அவரை அழைத்து வந்த மாதிரி இருந்தது. அக்கரை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் நர்சம்மா, ஒரு பால்காரர், இன்னும் சிலர் ஏறினார்கள். தங்கை துறையிலேயே நின்றாள். அவளை ஏறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை அயர்ன் பண்ணின சட்டை போட்டிருந்தார். அதில் எல்லாப் பட்டனும் ஒரே கலர்.

நான் அவர் பக்கத்தில் நின்று சக்கரத்தை முறைப்படி இழுத்துத் தட்டினேன். அவர் மிதித்தார். துடுப்புகள் எழுந்தன, இறங்கின. படகு கம்பீரமாகக் கிளம்பி, பின்பக்கமாகப் போய்த் துறையில் இடித்தது.

பால் கேன் உருண்டது. ஆபீசர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை, "ரிவர்ஸ் சார். முதல்ல ரிவர்ஸ் காட்டிடலாம்னு" என்றார். அவருக்கு இவ்வளவு பொய் வரும் என்று எனக்குத் தெரியாது. தங்கைக்கும் தெரிந்திருக்காது.

"நல்லா இருக்கு. இப்ப முன்னாடி போங்க."

கழியால் ஊன்றிப் படகை ஏரிக்குள் தள்ளி, மறுபடி தட்டினேன். மறுபடி பின்னால் போய் இடித்தது. இந்தத் தடவை இன்னும் வேகமாக, மாப்பிள்ளை உற்சாகமாக மிதித்ததால்.

"ரிவர்ஸ் பாத்தாச்சே" என்றார் ஆபீசர்.

பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன். சட்டத்தை அசைத்தேன். எண்ணெய் விட்டேன். என்ன செய்வது என்று தெரியாதபோது நாங்கள் எண்ணெய் விடுவோம். துடுப்பு என்னவோ நான் சொன்னபடி பின்பக்கம்தான் தள்ளுகிறது, கண்ணால் பார்க்கிறேன், படகும் பின்பக்கமே போகிறது. என் தலைக்குள் பாபின் சுற்ற ஆரம்பித்தது. படகுக்குள் ஆளுக்கொரு யோசனை.

"இந்தப் படகுக்கு முன்பக்கம் எதுங்க?" என்றார் நர்சம்மா.

"கூரா இருக்கிறது முன்னாடி."

"அப்ப அது ஏன் பின்னாடி வருது?"

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கிறோம்."

"பின்னாடிதான போகுது," என்றார் பால்காரர், "படகைத் திருப்பி வச்சிட்டா அக்கரைக்குப் போயிடும்ல? பின்னாடி போனா என்ன, முன்னாடி போனா என்ன, பாலுக்குத் தெரியவா போகுது?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. படகைத் திருப்பினோம். கூர் முனை துறையைப் பார்த்தது, தட்டை முனை ஏரியைப் பார்த்தது. பயணிகள் எல்லோரும் எழுந்து மாறி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மிதித்தார். படகு அக்கரையை நோக்கிக் கிளம்பியது. யாரோ கை தட்டினார்கள்.

ஆனால் சுக்கான் இப்போது முன்னால் இருந்தது. பின்னால் இருந்து வழி சொல்ல வேண்டியது முன்னால் வந்தால், அது தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளை கயிற்றை இழுக்க இழுக்கப் படகு வளைந்தது. அக்கரை மெல்ல இடது பக்கம் நகர்ந்தது, பிறகு பின்னால் போனது. ஏரியின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று போட்டுவிட்டு, புறப்பட்ட துறைக்கே வந்து பக்கவாட்டில் முட்டி நின்றோம். தங்கை நின்ற இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்தார். "போயிட்டு வந்துட்டோமா?"

"போயிட்டுத்தான் வந்தோம் சார்," என்றேன். "அக்கரைதான் வரல."

அவர் சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். "பாருங்க, நீங்க மெனக்கெட்டிருக்கீங்க, தெரியுது. ஆனா எந்தப் பக்கம் போகும்னே தெரியாத படகுல ஜனங்களை ஏத்தச் சொல்லி நான் எப்படி விடறது?"

மாப்பிள்ளை மிதியிலிருந்து காலை எடுத்தார். செருப்பைக் கழற்றி வைப்பது போல, இரண்டு காலையும் ஒன்றாகப் பக்கத்தில் வைத்தார்.

"விடுங்க மச்சான். பஸ்ஸுலயே போகட்டும்."

சொல்லிவிட்டுக் குனிந்தார். என் டூல் பெட்டி திறந்தபடி காலடியில் கிடந்தது. அதிலிருந்த போல்ட்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்தார். பெரியதை ஒரு பக்கம் வைத்தார், சிறியதை ஒரு பக்கம் வைத்தார்.

அத்தனை பேர் முன்னால் அழுதால் நன்றாக இருக்காது என்று எண்ணெய்க் குப்பியின் மூடியைத் தேடினேன். மூடி குப்பியிலேயே இருந்தது.

படகு ஆடியது. தங்கை ஏறிவிட்டாள்.

"தள்ளிக்கோ, அண்ணா."

"இரு, பெல்ட்டுல ஏதோ..."

"பெல்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னங்க, கூரா இருக்கிறதை ஏரிப் பக்கம் திருப்புங்க. அந்த போல்ட்டைக் கீழ போட்டுட்டுக் காலை வைங்க."

படகு திரும்பியது. மாப்பிள்ளை காலை வைத்தார். அவள் சக்கரத்தில் கை வைத்து, தன் ஆயுள் வழக்கப்படி, அந்தப் பக்கம் தள்ளி ஓங்கித் தட்டினாள்.

என் கை தானாகப் பாய்ந்தது. "ஏய், உன் பக்கம், உன் பக்கம் இழு!"

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "ஏன்? அறுந்து போக இங்க என்ன நூலா இருக்கு? தண்ணிதானே."

படகு முன்னால் போனது.

சும்மா போகவில்லை. எட்டுத் துடுப்பும் தண்ணீரைப் பிடித்து இழுத்து, சட்டென்று மேலே வந்து, மறுபடி இறங்கின. துறை பின்னால் போனது. பால் கேன் அசையவில்லை. ஏரியின் பாதியில்தான் எனக்குப் புத்தி வந்தது. தையல் மிஷினில் பல் மேலே எழும்போதுதான் தள்ளுகிறது, ஏனென்றால் துணி மேலே இருக்கிறது. இறங்கும்போது சும்மா திரும்பி வருகிறது. நான் அதை அச்சுப் பிசகாமல் துடுப்புக்கு மாற்றியிருந்தேன். மேலே காற்றைப் பின்னால் தள்ளிவிட்டு, கீழே தண்ணீரை முன்னால் தள்ளுகிற துடுப்பு. தண்ணீர் கீழே இருக்கிறது என்ற விஷயத்தை, ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த நான், ஒரு பல்லை நம்பி மறந்துவிட்டேன். கொட்டகையில் தண்ணீர் இல்லாததால் அதுவும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மாப்பிள்ளை மிதித்துக்கொண்டிருந்தார். இடது கையில் கயிறு. கண் முன்னால்.

"அக்கரை இப்படித்தான் கிட்ட வருமா?" என்றார், யாரிடமும் இல்லாமல். "நான் இத்தனை நாளும் இக்கரை சின்னதாகிறதை மட்டுந்தான் பாத்திருக்கேன்."

அக்கரையில் நர்சம்மாவும் மற்றவர்களும் இறங்கினார்கள். திரும்பும்போது மறுபடி சக்கரத்தைத் தட்ட வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் வலது கை அங்கே எட்டவில்லை. தங்கைதான் தட்டினாள், அந்தப் பக்கம்.

இக்கரை வந்ததும் ஆபீசர் இறங்கித் தொப்பியைச் சரி செய்தார். "துறை உங்ககிட்டயே இருக்கட்டும். இந்தம்மா யாரு?"

"ஸ்டார்ட்டர் சார்" என்றார் மாப்பிள்ளை.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே புரிய இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அடுத்த வாரம் டூல் பெட்டியோடு துறைக்குப் போனேன். சட்டத்தை மாற்றிப் பூட்டினால் சரியான பக்கம் தட்டினாலே படகு முன்னால் போகும். கைச்சக்கரத்தை இடது பக்கம் வைத்துவிட்டால் மாப்பிள்ளையே தட்டிக்கொள்ளலாம். ஒரு மதிய வேலை.

"வேணாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"தப்பா இருக்கு மாப்ள. எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"இருக்கட்டும்."

"அப்ப ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அவ வரணுமே. நீங்க தனியா ஓட்டுறதுக்குன்னுதானே இதைப் பண்ணினது?"

அவர் ஏரியைப் பார்த்தார். ரொம்ப நாளாக அதே ஏரியைப் பார்க்கிறவர்தான், இருந்தாலும் அன்றைக்கு அதில் ஏதோ புதிதாக இருக்கிற மாதிரி பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு மனத்தாங்கலோ, என் வேலையில் நம்பிக்கை போய்விட்டதோ என்று குழம்பினேன்.

அப்போது தங்கை தையல் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, தைக்கிற துணி மூட்டையோடு புலம்பிக்கொண்டே வந்தாள்.

"காலையிலயும் நான், சாயங்காலமும் நான். நான் தட்டலன்னா படகு கிளம்பாதாம். நடுவுல என் கடையை யாரு பாப்பா? அண்ணா, பெட்டியோட வந்திருக்கியே, சரி பண்ணிட்டியா?"

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் படாத பாடு படுவது அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது. பாபின் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"பார்ட்ஸ் வரணும்" என்றேன்.

"என்ன பார்ட்ஸ்?"

"பெரிய பார்ட்ஸ். லேசுல கிடைக்காது."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது."

அவள் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். நம்பினாளா என்றும் தெரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏறி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து ஒரு சட்டையையும் பட்டன் டப்பாவையும் எடுத்து வைத்தாள். ஊசியில் நூல் கோத்து வாயில் கவ்விக்கொண்டாள். சக்கரத்தை அந்தப் பக்கம் தள்ளித் தட்டினாள். கரையில் நின்ற என் கை ஒரு தடவை துள்ளி அடங்கியது.

படகு போனது. பட்டன் டப்பா அவர்கள் இருவருக்கும் நடுவில் திறந்து கிடந்தது. வெள்ளையும் கறுப்பும் கலந்தே இருந்தன.